பரிசத்தன்று போன மெயில்

என் லெப்டொப்பைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கண்டியில் குறைவு. திறந்தால் உலை கொதிப்பது போல ஒரு சத்தம். மூடியின் ஒரு பக்கம் கழன்று போய், அதற்குப் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறேன். பெட்டரி செத்து எத்தனையோ காலமாயிற்று. வயரைப் பிடுங்கினால் அந்தக் கணமே உயிர் போய்விடும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வயர் இருக்கும்வரை அது என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை, அவர்களுடைய புதுசுகளைப் போல நடு வேலையில் "கொஞ்சம் பொறுங்கள், என்னை நானே புதுப்பித்துக்கொள்கிறேன்" என்று கறுத்துப்போய் நின்றதுமில்லை.

திரையில் பச்சைப் புல்மேடும் நீல வானமும் வருமே, அந்தப் பழைய விண்டோஸ்தான் இன்றைக்கும். அதற்குள் அந்தக் காலத்து மெயில் புரோகிராம். அதில் ஒரு மெயிலை எழுதி முடித்தால் நேரே போய்விடாது. அவுட்பொக்ஸ் என்ற பெட்டியில் போய் உட்காரும். இன்னொரு பட்டனை அழுத்தினால்தான் வாசலைத் தாண்டும். என்னைப் போன்ற கோபக்காரனுக்கு அந்தப் பெட்டியை விட நல்ல சிநேகிதன் கிடையாது. காலையில் திட்டி எழுதியதை மத்தியானம் எடுத்து வாசித்து, பாதியை வெட்டிவிட்டு அனுப்பலாம். வெட்டாமல் அனுப்பியதும் உண்டு. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

மிளகு, கராம்பு, சாதிக்காய் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் கிளார்க். வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் எழுதுவேன், உள்ளூர் வியாபாரிகளுக்குத் தமிழில் எழுதுவேன். தமிழ் என்றால் பாமினி என்ற பழைய எழுத்துருத்தான். நாங்கள் டைப் பழகிய காலத்தில் அதுதான் இருந்தது. எந்த விசையில் எந்த எழுத்து என்று என்னைக் கேட்டால் தெரியாது, என் விரலைக் கேட்டால் தெரியும். ஒபிசில் எல்லாக் கணினிகளையும் மாற்றியபோது, குப்பைக்குப் போகவிருந்த இந்த லெப்டொப்பை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். பெரிய மெயில் சேவைகள் எல்லாம் இந்தப் பழைய புரோகிராமை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எங்கள் கம்பெனியின் சொந்த சேர்வர் மட்டும் பழகிய முகம் என்று உள்ளே விடுகிறது.

போன வருஷம் மழை தொடங்கிய சமயத்தில், ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாயில் ஊற்றிய தண்ணீர் ஒரு பக்கமாகத் தானே ஒழுகியது. கப்பைப் பிடித்திருந்த இடதுகை கப்பை விட்டுவிட்டது. பாரிசவாதம் என்றார்கள். இடதுகையும் இடதுகாலும் பாதிச் சக்திக்கு வந்துவிட்டன, வாய் கோணிவிட்டது. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். சொல்லெல்லாம் தலைக்குள் பழையபடியே இருந்தது. நாக்கு வரைக்கும் வந்து அங்கே கூழாகிவிடும். நான் பேசுவது எனக்கே விளங்காது.

நான் வாயாடி. பஸ்ஸில் கொண்டக்டரோடு, சந்தையில் மரக்கறிக்காரரோடு, வீட்டில் ரேடியோவோடு பேசுகிறவன். எனக்கா இது வரவேண்டும்! அதைவிடப் பெரிய கொடுமை, பார்க்க வந்தவர்கள். தோடம்பழப் பையோடு வந்து, என் முகத்துக்கு நேரே குனிந்து, காது கேளாதவனிடம் கத்துவது போல "சாப்ட்டீங்களாஆ?" என்று கேட்பார்கள். பிறகு நிமிர்ந்து என் மனைவியிடம், "இவருக்கு நாங்க பேசுறது விளங்குதா?" என்பார்கள். நான் அங்கேயே கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன்! கலஹாவிலிருந்து வந்த என் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போனான். என் தலையைத் தடவிக் கொடுத்தான். பேத்தி காணும் வயதில் இருக்கிற மனுசனின் தலையை! கடிக்கலாம் போலிருந்தது.

மகள்தான் முதலில் வழி தேடினாள். அவள் கண்டியில் ஒரு பாடசாலையில் டீச்சர். தன் போனை என் முன்னால் வைத்து, "இதுல எழுதுங்கப்பா, நான் வாசிக்கிறேன்" என்றாள். நல்ல எண்ணம்தான். ஆனால் கண்ணாடி மேல் எழுத என் விரல் பழகவில்லை. ஒன்றைத் தொட்டால் மூன்று விழுந்தது. அதோடு, நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று அந்தப் போன் தானாகவே ஊகித்து எழுதத் தொடங்கியது. நான் "எவன்" என்று ஆரம்பித்தால் அது "எவ்வளவு சந்தோசம்" என்று முடித்தது. வாய் போனவனின் வாயில் வார்த்தையைத் திணிக்க வீட்டில் ஆட்கள் போதாதென்று இது வேறா? போனைத் தள்ளிவிட்டு, மூலையில் இருந்த லெப்டொப்பைக் கையால் காட்டினேன்.

அதிலும் உடனே சரிவரவில்லை. பாமினியில் சில எழுத்துகளுக்கு ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். முன்பு அது இடதுகையின் வேலை. ஒற்றைக் கையால் இரண்டு விசையை எப்படி அழுத்துவது? வந்த ஆத்திரத்தில் ஷிப்டைப் படபடவென்று அடித்தேன். லெப்டொப் "பீப்" என்று கத்திவிட்டு ஒரு சின்னப் பெட்டியைக் காட்டியது. ஷிப்டைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தாலும், அது அழுத்தியபடியே இருப்பதாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. அடடா! எத்தனை வருஷம் அந்தப் பெட்டி தேவையில்லாமல் வந்து நின்றபோது திட்டித் திட்டி மூடியிருப்பேன். கோபப்பட்டு எனக்கு நன்மை வந்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று.

முதல் மெயிலில் ஒரே ஒரு சொல் எழுதினேன்: தேத்தண்ணி. மகளுக்கு அனுப்பினேன். குசினியில் அவளுடைய போன் கூவியது. "அப்பா, என்னமோ இங்கிலீஷ் எழுத்தா வந்திருக்கு!" என்று கொண்டுவந்து காட்டினாள். Njj;jz;zp என்று விழுந்திருந்தது. பாமினி எழுத்து இல்லாத கருவியில் அது அப்படித்தான் தெரியும். என் லெப்டொப்பில் தமிழாக இருப்பது அவள் போனில் கோழி கிண்டிய குப்பை மாதிரி இருக்கும். அவள் லெப்டொப் திரையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்ச நாள் ஒவ்வொரு மெயிலுக்கும் ஓடிவந்து திரையில் வாசித்தாள். பிறகு பாதி தூரம் வந்து நின்றாள். பிறகு வரவே இல்லை. குசினியில் நின்றபடியே அந்தக் குப்பையைப் பார்த்து நேராகத் தமிழில் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்படி ஒரு மூளை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், நான் அடக்கமாகச் சிரித்துக்கொள்வேன்.

வெறுமனே வாசிக்கவும் மாட்டாள், என்னைப் போலவே வாசிப்பாள். குரலை இறுக்கி, கடைசிச் சொல்லில் ஒரு வெட்டு வெட்டி. "அம்மா, அப்பா சொல்றாரு: இது என்னா ரசமா, பாத்திரம் கழுவின தண்ணியா?"

"வாய் இல்லாதப்பவே இந்தப் பேச்சா?" என்று மனைவி அங்கிருந்து கத்துவாள். "அவருக்குத் திருப்பி மெயில் போடு, நாளைக்கு அவரே சமைக்கட்டும்னு."

அந்தச் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு உயிர் திரும்பி வந்தது. மனைவி என்னோடு சண்டை போட்டாள்! அதுவரை தலையணை சரிசெய்து, கஞ்சி ஊட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள். ஒபிசின் இங்கிலீஷ் மெயில்களையும் வீட்டிலிருந்தே பார்க்கத் தொடங்கினேன். ஒருநாள் முதலாளி வீட்டுக்கு வந்து, "ஒங்கட மெயில்ல கோவம் அப்பிடியே ஈக்கிது. அப்ப ஒங்களுக்கு ஒண்டும் ஆகல்ல" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை, என் தலையையும் தடவவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் பிலிமத்தலாவை. அப்பா அங்கே ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார், பையன் பல்லேகலயில் ஒரு பெக்டரியில் வேலை. நல்ல பிள்ளை. முதல் நாள் வந்தபோதே மனைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, சாதாரணக் குரலில், "வேலை எப்பிடிப் போகுது மாமா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்கே நான் அவனுக்குப் பெண் கொடுத்திருப்பேன்.

சிக்கல் பரிசத்தில் வந்தது. எங்கள் ஆட்களிடம் பரிசம் போடும்போது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சபையில் எழுந்து, "பொண்ணக் குடுக்க சம்மதமா?" என்று கேட்பார். பெண்ணின் அப்பன் எல்லாருக்கும் கேட்கும்படி சம்மதம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். அப்பன் செத்துப்போன வீட்டில்தான் பெரியப்பன் எழுந்து சொல்வான்.

அண்ணன் கலஹாவிலிருந்து பஸ் ஏறி வந்து, "தம்பி, நீ ஒண்ணுக்கும் யோசிக்காத. நானே சொல்லிடுறேன்" என்றான்.

மனைவியும் தலையாட்டினாள். "அண்ணனே சொல்லட்டுமேங்க. நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?"

நான் லெப்டொப்பை இழுத்தேன். விசைகள் பொரிந்தன. மகள் போனைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, பிறகு என் குரலிலேயே வாசித்தாள்: "பெரியப்பா, அப்பா சொல்றாரு: நான் இன்னும் சாகல்ல."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்லதுக்குத்தானே சொல்றேன்! சபையில எழும்பி வாய் கோணிக்கிட்டு என்னமோ உளறினா, வந்தவங்க என்னா நெனைப்பாங்க? பொண்ணோட அப்பனுக்கு மண்டையில கோளாறுன்னு ஊர் முழுக்கச் சொல்ல மாட்டாங்களா? புள்ளைக்குத்தானே கெட்ட பேரு?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. இரண்டு நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு "சம்மதம்" என்று சொல்லிப் பார்த்தேன். வாய்க்குள் கஞ்சி வைத்துக்கொண்டு பேசுவது போல் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. பெற்று வளர்த்தவன் நான், அவள் பிறந்த அன்று ஒபிஸ் முழுவதற்கும் லட்டு கொடுத்தவன் நான். அவளைக் கொடுக்கிற சொல்லை இன்னொருவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டுமா?

பரிசத்தன்று காலை, வீட்டில் எல்லாரும் பூவும் பலகாரமுமாக ஓடிக்கொண்டிருந்தபோது, நான் மூலையில் உட்கார்ந்து மெயில் எழுதினேன். சம்பந்தியின் கடை மெயில் விலாசம், மாப்பிள்ளையின் விலாசம், சபையில் கேட்கப்போகும் பெரியவரின் விலாசம், அண்ணனின் விலாசம் எல்லாவற்றையும் முன்பே தேடி வைத்திருந்தேன். வழக்கம்போல மகளுக்கும் ஒரு பிரதி. எழுதியது இவ்வளவுதான்: "சம்மதம். பெற்ற அப்பன் என்ற முறையில் நானே சொல்கிறேன். என் வாய்தான் கோணியிருக்கிறது, சொல் கோணவில்லை. என் மகள் கெட்டிக்காரி, கொஞ்சம் கோபக்காரி. கோபம் என்னுடையது, மன்னிக்க வேண்டும். கெட்டிக்காரத்தனமும் என்னுடையதுதான்." திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு சொல்லையும் வெட்டவில்லை. அவுட்பொக்ஸில் போட்டு வைத்தேன்.

எழுதாமல் விட்டது ஒன்றும் உண்டு. அவள் பிலிமத்தலாவைக்குப் போன பிறகு இந்த வீட்டில் என் மெயிலை யார் வாசிப்பார்கள் என்ற யோசனை பல நாளாக என்னைத் தின்றுகொண்டிருந்தது. மனைவிக்கு அந்தக் குப்பை எழுத்து ஏறவே இல்லை. ஆனால் அதை ஒரு வார்த்தை எழுதுவேனா? பெண்ணைக் கொடுக்கிற சபையில் அப்பன் தனக்காகக் கை நீட்டுவதா? மிச்சமிருக்கிற வலதுகையும் போனாலும் எழுதமாட்டேன்.

பத்து மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. சுவரோரம், என் கதிரைக்குப் பக்கத்தில் சின்ன மேசையில், வயரோடு, என் லெப்டொப் உறுமிக்கொண்டிருந்தது. "இத எதுக்கு நடுவீட்டுல வச்சிருக்கீங்க?" என்று அண்ணன் அதை மூடப் போனான். நான் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டான். தட்டுகள் வந்தன. பெரியவர் எழுந்து தொண்டையைச் செருமி, "பொண்ணக் குடுக்க சம்மதமா?" என்று கேட்டார். எல்லாக் கண்ணும் முதலில் என்னிடம் வந்து, பிறகு மரியாதையாக அண்ணன் பக்கம் திரும்பின.

நான் பட்டனை அழுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் சபையில் ஒவ்வொரு போனாகக் கூவியது. நான் கையால் காட்டினேன், பாருங்கள், பாருங்கள் என்று. சம்பந்தி கண்ணாடியைப் போட்டு, போனைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பெரியவர் தன் போனைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அவரும் உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாமினி! இத்தனை மாதமாக மகள் ஒருத்திக்கு மட்டுமே தமிழில் எழுதியவன், அதை வேறு யாராலும் வாசிக்க முடியாது என்பதையே மறந்து போயிருந்தேன். rk;kjk; என்று தொடங்கி அடி வரைக்கும் கிறுக்கல். மண்டையில் கோளாறு என்று நானே ஊர் முழுக்கக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

லெப்டொப்பைத் திருப்பித் திரையைக் காட்டிவிடலாம் என்று ஒற்றைக் கையால் இழுத்தேன். வயர் கழன்றது. பச்சை மேடும் நீல வானமும் சட்டென்று கறுத்துப் போயின.

யாரோ ஒரு பெண்பிள்ளை சிரிப்பை அடக்குவது கேட்டது. அண்ணன் என் தோளில் கை வைத்தான். இந்தத் தடவை அந்தக் கையில் உண்மையாகவே இரக்கம் இருந்தது, அது இன்னும் கொடுமை. "தம்பிக்கு இப்ப இப்பிடித்தாங்க. தப்பா நெனைக்காதீங்க. வீட்டுக்கு மூத்தவன், நான் சொல்றேன். எங்க பொண்ண..."

"பெரியப்பா, கொஞ்சம் இருங்க. அப்பா பேசிக்கிட்டு இருக்காரு."

அறைத் திரையை விலக்கிக்கொண்டு மகள் வந்து நின்றாள். கூப்பிடும்வரை பெண் சபைக்கு வரக்கூடாது. உள்ளேயிருந்து அவளுடைய அத்தை சேலையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. அவள் அசையவில்லை. பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கையில் போன். "இது பழைய எழுத்து. ஒங்க போன்ல தெரியாது. நான் வாசிக்கிறேன்" என்றாள்.

வாசித்தாள். குரலை இறுக்கி, கடைசிச் சொல்லில் வெட்டு வெட்டி, ஒரு எழுத்து விடாமல். "சம்மதம்" என்ற சொல் அந்த வீட்டின் சுவரில் பட்டுத் திரும்பியது. "சொல் கோணவில்லை" என்ற இடத்தில் சம்பந்தி போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபக்காரி என்று வந்த இடத்தில் மாப்பிள்ளை சிரித்துவிட்டான். கெட்டிக்காரத்தனமும் என்னுடையதுதான் என்றபோது சபையே சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. மாதக்கணக்கில் குனிந்து கிடந்த என் முதுகு கதிரையில் தானாக நிமிர்ந்தது. என் சொல்லை நானே சொல்லிவிட்டேன். முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

அவள் முடிக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு எழுதியிருக்காரு" என்றாள். பெருவிரலால் போனைத் தள்ளிக்கொண்டே, கண்ணை எடுக்காமல் வாசித்தாள்: "ஞாயித்துக்கிழமையானா என் மக இங்க வந்து இருக்கணும். அந்த வாரம் நான் பேச நெனைச்சதெல்லாம் அவதான் வாசிக்கணும். இதுக்கு நீங்க சம்மதம்னாத்தான் என் சம்மதமும்."

நான் அப்படி எழுதவில்லை. ஒரு புள்ளிகூட எழுதவில்லை. அங்கே இருந்த அத்தனை போனிலும் அந்த மெயில் இருந்தது, ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

சம்பந்தி மெதுவாக எழுந்து என் கதிரைக்குப் பக்கத்தில் வந்தார். குனியவில்லை, சத்தம் போடவுமில்லை. "சம்பந்தி, நீங்க சொல்றது அப்பிடித்தானா?" என்று கேட்டார்.

எந்தச் சபையில் வாயைத் திறக்கக் கூசினேனோ அந்தச் சபையில், வாய் கோண, எச்சில் ஒழுக, வாசல்வரை கேட்கும்படி, "ஆமா" என்றேன். எல்லாருக்கும் விளங்கியது.